கேம் ஷாஃப்டில் கேட்ட குரல்

மதியம் இரண்டு மணி. ராத்திரி இல்லை... மதியம். டெச்சிமான் ஊர் தாண்டி கின்டாம்போ போகிற சாலை. அந்த நேரத்தில் அங்கே ஈ காக்கை இருக்காது. தார் இளகி டயரில் ஒட்டும். சாலை ஓரத்தில் ஒரு பழைய டீசல் டாக்ஸி நிற்கிறது. பானெட் திறந்திருக்கிறது, இஞ்சின் ஓடுகிறது. ஓர் ஆள் குனிந்து, நீளமான திருப்புளியின் முனையை இஞ்சின் தலையில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான். "என்னண்ணே, பிரேக் டவுனா?" என்று கேட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு கையை மட்டும் தூக்குகிறான், பேசாதே என்று.

நானே பார்த்தேன். அவன் பெயர் சர்பாங். என் நண்பன் அட்டகோராவின் தங்கை புருஷன். அட்டகோராவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். இங்கே குமாசியில், நம் ஷெட்டுக்கு நாலு ஷெட் தள்ளி இருக்கிற டீசல் ஃபிட்டர். க்வாபெனா, இப்போதே சிரிக்காதே. முழுக்கக் கேட்டுவிட்டு, தைரியம் இருந்தால் சிரி.

முதலில் அந்த டாக்ஸியில் ஒரு சத்தம் வந்தது. டிக்... டிக்... டிக்... கேம் ஷாஃப்டுக்கு மேலே எண்ணெய் விடுகிற சின்னக் குழாய் உடைந்திருந்தது. அந்த ஷாஃப்டில் வால்வுகளை அமுக்குகிற எட்டு மேடுகளில் கடைசி மேடு காய்ந்து தேய்ந்துகொண்டிருந்தது. அட்டகோராவுக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. ஆனால் அன்றைக்குக் கை நிறைய வேலை. கெட்டி ஆயிலை ஊற்றினான். சத்தம் அமுங்கியது.

"இப்ப ஓட்டு மாப்ள. அடுத்த வாரம் பிரிச்சிடலாம்."

நாம் எல்லோரும் செய்கிற வேலைதான். இல்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

அந்த அடுத்த வாரத்துக்குள் வண்டி ஏற்றத்தில் ஏற மறுத்துவிட்டது. சர்பாங்கின் மனைவி செர்வா கிழங்கு வாங்க கின்டாம்போ போக வேண்டும். "இதுல போனா பாதி வழியில நின்னுடும். வேற வண்டியில போயிட்டு வா" என்று சர்பாங்கே அவளை வேறொருவன் டாக்ஸியில், முன் சீட்டில், ஏற்றிவிட்டான்.

சாலையில் மரம் ஏற்றிய ஒரு லாரி பழுதாகி நின்றிருந்தது. வழக்கப்படி எச்சரிக்கைக்குப் பின்னால் பச்சைக் கிளை ஒடித்துப் போட்டிருந்தார்கள். ஆனால் அது மூன்று நாள் கிளை. காய்ந்து, காற்றோடு போய்விட்டது. டாக்ஸி நேராக லாரியின் அடியில் நுழைந்தது. டிரைவர் அங்கேயே செத்துப்போனான். வண்டி நசுங்கி செர்வா உள்ளே சிக்கிக்கொண்டாள், இஞ்சின் மட்டும் நிற்கவில்லை. டீசல் இஞ்சின்... ஓட ஆரம்பித்தால் அதற்குச் சாவியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். அரை மணி நேரம் ஓடியது. கடைசியில் யாரோ காற்று போகிற வாயில் துணியை அடைத்து நிறுத்தினார்கள்.

அங்கே கரி விற்கிற ஒரு பெண் சாவு வீட்டுக்கு வந்திருந்தாள். "அந்தப் பொண்ணு பேசிக்கிட்டேதான் இருந்துச்சு. 'சர்பாங்கிட்ட சொல்லுங்க, சர்பாங்கிட்ட சொல்லுங்க'ன்னுச்சு. மிச்சம் இஞ்சின் சத்தத்துல எங்க காதுல விழல. இஞ்சினை நிறுத்தினோம்... அந்தப் பொண்ணு பேச்சும் நின்னுபோச்சு" என்றாள்.

சர்பாங் அழவில்லை. உட்கார் என்றால் உட்கார்ந்தான், சாப்பிடு என்றால் சாப்பிட்டான். யார் கையைப் பிடித்தாலும் ஒரே கேள்விதான் கேட்டான். "என்ன சொல்லச் சொன்னா?" அது தெரிந்தால் போதும், வேறு எதுவும் அவனுக்கு வேண்டாம்.

நாற்பதாம் நாள் முடிந்தது. அட்டகோரா சர்பாங்கின் வண்டியைப் பிரித்தான். வேறென்ன செய்ய முடியும் அவனால்? மூடியைத் தூக்கியதும் கருகின எண்ணெய் நாற்றம். எட்டாவது மேடு இருந்த இடம் தட்டையாகக் கிடந்தது.

அவன் ஷெட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ரத்தம் பட்ட வண்டியின் சாமான் என்றால், செத்தவருக்கு ஒரு மூடி ஜின் தரையில் ஊற்றி, "கோவிச்சுக்காதீங்க, இதை எடுத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் மாட்டுவார்கள். அதனால் வேறு கேம் ஷாஃப்ட் வாங்கும்போது, விபத்து வண்டியில் கழற்றியதா என்று பழைய இரும்புக் கடைக்காரனிடம் கேட்டான்.

"கப்பல்ல வந்த சரக்கு ஃபிட்டர். விபத்து வண்டியே இல்ல, எங்கம்மா மேல சத்தியம்."

அட்டகோரா நம்பினான். ஜின் ஊற்றவில்லை. மேடுகள் மேல் உரசி வால்வை அமுக்குகிற ராக்கர்கள் அந்தக் கடையில் இல்லை, அதனால் வண்டியில் இருந்த பழைய ராக்கர்களையே போட்டான். செயினைக் குறி பார்த்து மாட்டினான். வால்வு இடைவெளி வைத்தான். ஸ்டார்ட் செய்தான். தையல் மிஷின் மாதிரி ஓடியது.

திருப்புளியை எடுத்துக் காதில் வைத்தான். முதல் மேடு, இரண்டாவது... ஏழு வரைக்கும் சுத்தம். எட்டாவதில் வைத்தான்.

"சர்பாங்கிட்ட சொல்லுங்க... சர்பாங்கிட்ட சொல்லுங்க... சர்பாங்கிட்ட சொல்லுங்க..."

தங்கையின் குரல். அது எந்த வண்டியின் இரும்பு என்று அப்போது அவனுக்குப் புரிந்தது. பயம் வரவில்லையாம். திருப்புளியை எடுக்காமல் இன்னொரு முறை கேட்டேன், அவ்வளவுதான் என்று என்னிடம் சொன்னான்.

"என்ன மச்சான், சத்தம் எப்படி இருக்கு?" என்றான் சர்பாங்.

"நல்லா இருக்கு மாப்ள."

சர்பாங் அவன் கையிலிருந்து திருப்புளியை வாங்கினான். குனிந்தான். பத்து நிமிஷம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றுமே இல்லை. "ஆமா, நல்லா ஓடுது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து தினமும் மதியம் இரண்டு மணிக்கு, அவள் செத்த இடத்தில், அந்தக் காது கொடுக்கிற வேலை. இன்றைக்காவது மிச்சத்தைச் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தான். சொல்லவில்லை. அதோடு, பழைய ராக்கர்கள் கேம் ஷாஃப்டைத் தின்ன ஆரம்பித்தன. நம் தொழிலில் தெரிந்ததுதான், ஒன்றோடு தேய்ந்ததை இன்னொன்றோடு போட்டால் இரண்டும் போகும். மேடு குறையக் குறைய குரலும் குறைந்தது. நாலாவது மாதம் "சர்பா..." வரைக்கும்தான் கேட்டதாம்.

"மாத்திடலாம் மாப்ள" என்று அட்டகோரா கெஞ்சினான். சர்பாங் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு நாள் சர்பாங் காய்ச்சலில் படுத்திருந்தபோது, அட்டகோரா கேட்காமலே வேறு கேம் ஷாஃப்ட் போட்டுவிட்டான். இந்த முறை முழு பாட்டில் ஜின் ஊற்றினான். தங்கை பெயரைச் சொல்லி, "போம்மா" என்றான். பழையதை வார்ப்படக்காரனிடம் கொடுத்து உருக்கச் சொன்னான். அது உருகி ஓடுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றான்.

சர்பாங்கிடம் சொன்னபோது அவன், "சரி. எங்க உருக்குன?" என்று மட்டும் கேட்டான்.

வார்ப்படக்காரன் அந்த இரும்பில் என்ன செய்திருந்தான் என்று அட்டகோரா யோசிக்கவில்லை. வார்ப்படக்காரன் அந்த வாரம் முழுக்க மாவு மில்லுக்கு அரைவைத் தட்டுதான் ஊற்றிக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதம் கழித்து டாஃபோவில் மில் வைத்திருக்கிற அஜோவா ஷெட்டுக்கு வந்தாள்.

"ஃபிட்டர், உங்க மாப்ள தினமும் ஒரு பேசின் மக்காச்சோளம் அரைக்கிறாரு. தனி ஆளுக்கு எதுக்கு அவ்வளவு? அவர் போட்டா மட்டும் அந்தத் தட்டு பேசுது. எனக்கு வேற தட்டு வாங்கித் தாங்க."

"என்ன பேசுது?"

அஜோவா குரலைத் தாழ்த்தினாள். "'சர்பாங்கிட்ட சொல்லுங்க, நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன். என்னை வெளிய எடுக்கச் சொல்லுங்க'ன்னு."

அட்டகோரா ஓடினான். சர்பாங் வீட்டில் தனியாக உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தான். புதுத் தட்டு இரும்பை உதிர்க்கும், அதனால் முதல் அரைவையை நாம் கொட்டிவிடுவோம் இல்லையா... அவன் தட்டத்தில் இருந்த களி அந்த நிறம். ஈயச் சாம்பல் நிறம். உதடு கறுத்திருந்தது. பல் இடுக்கெல்லாம் கறுப்பு.

"மாப்ள... என்ன பண்ற?"

சர்பாங் தட்டத்தை விரலால் வழித்து நக்கினான். ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை.

"வெளிய எடுக்கச் சொன்னா. எடுத்துக்கிட்டுதான் இருக்கேன் மச்சான். மில்லுல இன்னும் பாதித் தட்டு இருக்கு."