தடைக்காலத்தில் கரை சேர்ந்தவர்கள்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஜன்னல் பக்கம் யாரும் பார்க்க வேண்டாம். இது என் அறை நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது. அவன் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னான். அதுவும் பாதியில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து.

நள்ளிரவு தாண்டி ஒரு மணி. துறைமுகச் சாலை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மூடிக்கிடக்கும் ஐஸ் பேக்டரி. நடுவில் ஒரு பைக்... அதில் சித்தப்பா மட்டும்.

அவர் மீன்வளத் துறையில் ஆய்வாளர். மீன்கள் சினை வைக்கும் இரண்டு மாதம் யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்பது சட்டம். அந்தக் கரையில் மீனே அற்றுப்போய்க்கொண்டிருந்தது. விரல் நீளக் குஞ்சைக்கூட விடாமல் அள்ளித் தீர்த்திருந்தார்கள். அவருக்கு முன்னால் இருந்த அதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்துவிட்டுப் போனார்கள். இவர் அந்த ரகம் இல்லை. படகுகளையெல்லாம் சங்கிலியால் பிணைத்துப் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஊர் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தது. டீக்கடையில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். இவர் போய் நின்றால் "டீ தீந்துருச்சு" என்பார்கள். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் அழுகிய மீன் குடல். கட்டின மனைவியே போனில், "ஊரோட பகைச்சுக்கிட்டு அப்படி யாருக்காக அந்த மீனைக் காப்பாத்துறீங்க?" என்று எரிந்து விழுந்தாள்.

அந்தத் தடைக்காலத்தில்தான் அண்ணன் தம்பி இருவர், ஒளித்து வைத்திருந்த சின்னப் படகில் விளக்கில்லாமல் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் மதியம் காற்று பிடித்துக்கொண்டது. சாயங்காலம் அவர்களின் அக்கா சித்தப்பாவின் வாசலுக்கு வந்து நின்றாள். பின்னால் ஊரே நின்றது.

"சார், பெரிய போட்டுங்களை அவுத்து விடுங்க. தேடிக் கூட்டிட்டு வந்துடுறோம்."

சித்தப்பா படகுத்துறைக்கு இறங்கிப் போய்ப் பார்த்தார். தேடப் போகும் படகுகளில் வலை ஏற்றியிருந்தது... எல்லாவற்றிலும்.

"வலையை இறக்கிட்டு வாங்க. சாவி தர்றேன்."

வாய்ச்சண்டை முற்றியது. நீயா நானா என்று நின்றதில் பொழுது இருட்டிவிட்டது. கடைசியில் அவர்கள் வலையை இறக்கினார்கள், அவரும் சாவியைக் கொடுத்தார். ஆனால் அதற்குள் கடல் துறைக்கு மேலேயே ஏறி அடித்தது. ஒரு படகாலும் முகத்துவாரத்தைத் தாண்ட முடியவில்லை. அண்ணன் தம்பி வரவே இல்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

யார் மேல் தப்பு? நீங்களே சொல்லுங்கள்... சரி, விடுங்கள்.

அது நடந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் அந்த ராத்திரி. தூக்கத்தில் ஒரு சத்தம். டப்... டப்... டப்... படகு இன்ஜின். இவ்வளவு ஆன பிறகுமா என்று சித்தப்பாவுக்குத் தலைக்கேறிவிட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பினார்.

துறையில் எல்லாப் படகும் பூட்டியபடியே கிடந்தது. பைக்கை நிறுத்தினார். அதே நொடியில் அந்த இன்ஜினும் நின்றது.

ஒரு வாடை. சினை மீனின் வயிற்றைக் கிழித்தால் வருமே, அந்தப் பச்சை வாடை. படிக்கட்டின் கடைசியில், தண்ணீரை ஒட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். நடுவில் ஒரு கூடை. எதையோ அதில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். சப்... சப்... சப்...

"யாருடா அது? எந்திரிங்க!"

எழுந்திருக்கவில்லை. திரும்பவும் இல்லை. பாட்டிலுக்குள் தண்ணீர் இறங்குகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"சோதனை போட்டுக்கோங்க சார்... சின்னதையெல்லாம் விட்டுட்டோம்."

சப்... சப்...

"அதுங்கதான் எங்களை விடல."

சித்தப்பா டார்ச்சைக் கூடைக்குள் அடித்தார். அதில் மீன் இல்லை. அவர்கள் தங்கள் மேலிருந்துதான் சதையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஓடினார். பைக் நினைவே வரவில்லை. டார்ச் எங்கே விழுந்ததோ தெரியவில்லை. முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தது. அடுத்த வீடு. அங்கேயும் அணைந்தது. தெரு முழுக்க ஆள் விழித்திருக்கிறது, ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசி வீட்டில் மட்டும் ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்தது. அந்த அக்கா.

"கதவைத் திறம்மா! உயிர் போகுதும்மா!"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"வலையை இறக்கிட்டு வாங்க சார். திறக்குறேன்."

குத்திக் காட்டுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். அப்புறம்தான் தோளில் அந்தக் கனம் தெரிந்தது. ஈரம். சில்லென்று. குஞ்சும் தப்ப முடியாத சின்னக் கண்ணி வலை. அவர் தோளிலிருந்து இறங்கி, தெரு நெடுகத் தரையில் கிடந்து, துறையின் இருட்டுக்குள் போயிருந்தது. தளர்வாகத்தான் கிடந்தது...

அவர் பார்க்கப் பார்க்க, மெல்ல விறைத்தது.

விடிந்ததும் அலையோரத்தில் கிடந்தவரை ஊர்க்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வழியில் அவரோடு ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மேல் வலை எதுவும் இல்லை. காயமும் இல்லை. காது மட்டும் அடைத்திருக்கிறது, உள்ளே ஏதோ ஊறுகிறது என்றார்.

நர்ஸ் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவி ட்ரேயில் வடித்தாள். தகவல் தெரிந்து ஓடிவந்த என் நண்பன் பக்கத்திலேயே நின்றிருந்தான். ஜவ்வரிசி மாதிரி, கண்ணாடியாக, கொத்துக் கொத்தாக மீன் முட்டை. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளி. கண்.

நன்றாகப் பார்க்கலாமென்று அவள் ட்ரேயை விளக்குக்குக் கீழே கொண்டுபோனாள். அத்தனை கண்ணும் மெல்லத் திரும்பின. விளக்கின் பக்கம் இல்லை...

சித்தப்பா படுத்திருந்த கட்டிலின் பக்கம்.