வெப்பம் போக வேண்டும், மின்சாரம் போகக் கூடாது

எனக்கு தே ஓ கொசோங், பாலும் சீனியும் இல்லாத வெறும் தேநீர் போதும், இன்ஸ்பெக்டர் மேடம். சீனியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உடம்பு விஷயத்தில் நான் டாக்டர் பேச்சைத் தட்டுவதில்லை.

என் பெயர் வாசு. வயது ஐம்பத்திரண்டு. தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறை இருக்கிறது. ஜுஹைர் என் கூட்டாளி. அவன் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் இருந்து வாடிக்கையாளர்களைக் கவனிப்பான், நான் இயந்திரத்தைக் கவனிப்பேன். வக்கீல் வரும்வரை பேச வேண்டாம் என்று நீங்களே சொன்னீர்கள். பரவாயில்லை. மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்வது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம். அதிலிருக்கும் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எடை பார்த்து, இந்தக் குழந்தைக்குப் பால் ஆகாது, அந்தக் குழந்தைக்கு மூளை கெடும் நோய் வரும் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடும் கருவி. செமினியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் எங்கள் இயந்திரம் மூன்று வருடமாக ஓடுகிறது. அது கண்டுபிடித்த குழந்தைகள் இப்போது நடக்கின்றன, பேசுகின்றன. இதையும் எழுதுங்கள். கன்னையாவின் பெயருக்கு மேலே எழுதுங்கள்.

கன்னையாவைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதற்கு முதலில் ஒரு தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரத்தச் சாற்றை ஆவியாக்கி உள்ளே இழுக்கும் இடத்தில் ஓர் உலோகக் கட்டி இருக்கிறது. அது முந்நூறு டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். அதே கட்டி நாலாயிரம் வோல்ட்டிலும் இருக்க வேண்டும். அதைச் சூடாக்கும் ஹீட்டரோ சாதாரண மின்சாரத்தில் ஓடுவது. இரண்டுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு. ஹீட்டரின் வெப்பம் அந்தத் தகட்டைக் கடந்து கட்டிக்குப் போக வேண்டும். கட்டியின் மின்சாரம் தகட்டைக் கடந்து ஹீட்டருக்கு வரக் கூடாது. இவ்வளவுதான் கேள்வி. செம்பைப் போட்டால் இரண்டும் போகும். பிளாஸ்டிக்கைப் போட்டால் இரண்டும் போகாது, அதோடு உருகியும்விடும்.

எல்லோரும் போடுவது அலுமினா என்ற வெள்ளைப் பீங்கான். நாங்களும் அதைத்தான் போட்டோம். மின்சாரத்தைத் தாங்கட்டும் என்று தடிமனாக்கினால் வெப்பம் நத்தை மாதிரி போனது. வெப்பம் போகட்டும் என்று மெலிதாக்கினால் படபடவென்று பொறி பறந்தது. பதினேழு தகடுகள் விரிசல் விட்டன. கோவிட் அடங்கிய வருடம் அது. செமினிக்கு இயந்திரத்தைக் கொடுக்க நாலு மாதம் இருந்தது.

அப்போதுதான் கிள்ளானில் மூடிப்போன ஒரு ரேடியோக் கருவிப் பட்டறையில் பழைய பெரிலியா தகடுகள் கிடைத்தன. பெரிலியம் ஆக்சைடு. பார்க்க அலுமினா மாதிரியே வெள்ளையாக இருக்கும். மின்சாரத்தை விடாது, வெப்பத்தை மட்டும் உலோகம் மாதிரி கடத்தும். இப்படி ஒரு பொருளை இயற்கை சும்மா கொடுப்பதில்லை. முழுத் தகடாக இருக்கும்வரை அதை யாரும் தொடலாம், தலைமாட்டில் வைத்துத் தூங்கலாம். அரைத்தால்தான் பிரச்சினை. அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. சிலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்பாகிவிடும்.

ஜுஹைரிடம் போனில் சொன்னேன். அவன் உடனே மறுத்தான்.

"வேணாம் லா, வாசு. அந்தத் தூசி ஆளக் கொன்னுடும்னு போட்டிருக்கு. அலுமினியம் நைட்ரைடு ஆர்டர் பண்ணு. லேட்டானா நான் கஸ்டமர்கிட்ட பேசிக்கிறேன்."

நைட்ரைடும் அதே வேலையைச் செய்யும் பீங்கான்தான், சாம்பல் நிறம், அதன் தூசி ஆளைக் கொல்லாது. சரி என்றேன். ஆர்டரும் செய்தேன். நான் பொய் சொல்கிறவன் அல்ல. வர ஐந்து மாதமாகும் என்றார்கள். ஐந்து மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார எனக்குத் தெரியாது.

கிள்ளான் தகடுகள் அளவில் பெரியவை. ஓரங்களை அரைத்துக் குறைக்க வேண்டும். பெட்டிகளின் மேல் மண்டை ஓடு போட்ட மஞ்சள் லேபிள்கள் இருந்தன. வெந்நீர்த் துணி போட்டு அவற்றை நிதானமாக உரித்தெடுத்தேன். பிறகு கன்னையாவிடம் கொடுத்தேன்.

கன்னையா என்னைவிட நாலு வயது இளையவர். பந்திங்கிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். அவ்வளவு சுத்தமான கையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. தலைமுடி அகலத்தில் பாதி பிசகினாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவார். அன்றும் தகட்டைக் கையில் வாங்கியதுமே நின்றுவிட்டார்.

"பாஸ், இது முந்தி வந்த கல்லு மாதிரி இல்ல லா. கனம் கம்மியா இருக்கு. கையில வச்சா இரும்பு மாதிரி சில்லுனு இருக்கு."

"புது வகை. இதுவும் வெள்ளைப் பீங்கான்தான்," என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேண்டுமானால் அகராதியைப் பாருங்கள்.

தண்ணீர் விட்டு அரைத்தால் தூசி எழும்பாது என்று உங்கள் ஆட்கள் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் அரைக்கும்போது விடும் நீரின் அழுக்கு ஓரத்தில் ஊறிவிடும். சூடேறியதும் அது ஆவியாகி இரத்தத்தோடு கலந்து கணக்கைக் கெடுக்கும். அதனால் உலர்வாக அரைக்கச் சொன்னேன். கோவிட் காலத்து நீல மாஸ்க் ஒன்று அவரிடம் இருந்தது. நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்திருந்தால் எதற்கு என்று கேட்டிருப்பார். கேள்வி கேட்காமல் விடுகிற மனிதர் அல்ல அவர்.

அந்தத் தகட்டைப் போட்ட முதல் நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சூடு முந்நூறில் போய் நின்றது. பத்து மணி நேரம் ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்குகூட அசையவில்லை. பொறி இல்லை, விரிசல் இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்தவற்றில் சிறந்தது அதுதான். கன்னையாவும் பக்கத்தில் நின்று பார்த்துக் கைதட்டினார்.

ஐந்தாவது மாதம் அலுமினியம் நைட்ரைடு வந்தது. ஒரே ஒரு தகட்டைப் போட்டுப் பார்த்தேன். சூடு ஒரு டிகிரிவரை அலைந்தது. பரிசோதனைக்கு அது போதுமா என்று கேட்டால், போதும். செமினியில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மூன்றில் ஒரு பங்கில் நின்ற ஒன்றைக் கழற்றிவிட்டு ஒரு டிகிரி அலைவதைப் போட என் கை போகவில்லை. மீதிப் பெட்டியை ஒட்டிய டேப்போடு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு இன்னும் எட்டு இயந்திரங்களுக்கு ஆர்டர் வந்தது. எட்டுக்கும் கன்னையா அரைத்தார்.

இரண்டாவது வருடம் அவருக்கு இருமல் வந்தது. கோவிட்டின் மிச்சம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் அப்படி நினைத்ததாகச் சொல்ல மாட்டேன். அவர் அரைக்கும் அறைக்குள் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பேசுவேன். அரைத்த தகடுகளைச் சுத்தமான தண்ணீர்த் தொட்டியில் போட்டுத்தான் என்னிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி.

ஒரு நாள் மாலை அவர் ஒரு தாளோடு வந்தார்.

"பாஸ், ஸ்பெஷலிஸ்ட் நான் என்ன கல்லு அரைக்கிறேன்னு கேக்குறாரு. கம்பெனி லெட்டர் ஒண்ணு குடுத்தா போதுமாம்."

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவர் பந்திங்வரை வண்டி ஓட்ட வேண்டும். அதனால் காக்க வைக்காமல் உடனே எழுதிக் கொடுத்தேன். அலுமினா என்று எழுதினேன். அந்தக் கடிதத்தை நம்பி, காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு என்று எழுதிவிட்டார்கள். தூசியில் தவறில்லை என்று தெரிந்ததில் கன்னையாவுக்கு நிம்மதி. மறுநாளே கிரைண்டரைப் போட்டார். அதற்குப் பிறகு பதினோரு மாதம் அரைத்தார். கடைசியில் பட்டறை வாசலின் மூன்று படி ஏற இரண்டு தடவை நின்றார். போன மாதம் இறந்தார்.

சனிக்கிழமை பந்திங்கில் கருமாதி. கன்னையாவின் மனைவி தாமரை பேச்சுவாக்கில் ஜுஹைரிடம், "கையில எடுத்தா இரும்பு மாதிரி சில்லுனு இருக்கிற வெள்ளக் கல்லுன்னு அடிக்கடி சொல்வாரு சார்," என்றார். நைட்ரைடு வெள்ளை இல்லை என்று ஜுஹைருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்து அலமாரியைத் திறந்தான். நைட்ரைடுப் பெட்டி ஒட்டிய டேப்போடு அப்படியே இருந்தது.

"நைட்ரைடுக்கு மாறிட்டோம்னு நான் நெனச்சிட்டு இருந்தேன்டா."

"ஆர்டர் பண்ணிட்டேன்னுதான் நான் சொன்னேன். மாறிட்டோம்னு சொல்லல."

அவன் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த மாதிரி வேலைக்கு அவன் மனசு போதாது.

ஆம், எனக்குத் தெரியும். லேபிளை உரித்த நாளிலேயே தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கோர்ட்டில் அந்தக் குழந்தைகளையும் ஒரு பக்கம் நிறுத்துங்கள். எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எந்தத் தாயாவது என் தகட்டைத் திருப்பிக் கொடுப்பாளா என்று கேளுங்கள். என்னைக் கல்நெஞ்சன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தக் குடும்பத்துக்கு இன்றைக்கு உதவுகிற ஒரே ஆள் நான்தான்.

பட்டறையில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். கருமாதியன்று தாமரை என்னிடம் வேலை கேட்டார். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை என்றார். புருஷனை இழந்தவரிடம் எப்படி இல்லை என்று சொல்வது? பத்தாவது இயந்திரத்துக்கும் தகடு வேண்டியிருந்தது. இன்று காலை எட்டு மணிக்கு நானே அறையைத் திறந்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று கிரைண்டரை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் உங்களோடு வந்தேன். எதற்கு எழுந்திருக்கிறீர்கள், மேடம்? வேறு யாராவது புதிதாக வந்திருந்தால் நானும் யோசித்திருப்பேன். தாமரைக்கு அந்தத் தூசி பழக்கம்தான். மூன்று வருடமாகக் கன்னையாவின் சட்டைகளை உதறித் துவைத்தவர் அவர்.