கைகட்டி நின்ற போட்டோ

பந்தா: படிச்சுப் பாரு. ‘இயற்கையின் ரகசியங்களைத் தேடி அலையும் ஆராய்ச்சியாளர்.’

சோடாபுட்டி: மத்தியானம் மூணு மணிக்கு லேப்புக்கு வர்றவன் என்னத்தைத் தேடி அலைஞ்ச? சார்ஜரையா?

பந்தா: இது இணையத்துல என்னோட பக்கம். அஞ்சு வருஷமா பக்கத்துப் பக்கத்து மேஜையில உக்காந்து கரையான் புற்றையே பார்த்துட்டிருந்தோம். அடுத்த மாசம் படிப்பு முடியுது. அப்புறம் நம்மள யாருக்குத் தெரியும்?

சோடாபுட்டி: கரையானுக்குத் தெரியும்.

பந்தா: சிரி, சிரி. உனக்கு ஒரு பக்கமாவது இருக்கா? உன் பேரைப் போட்டுத் தேடினா ஒரு பல் டாக்டர்தான் வர்றாங்க.

சோடாபுட்டி: கைராசிக்காரங்களாம்... இதென்ன, ‘ஐந்து மொழிகளில் புலமை’? எந்த அஞ்சு?

பந்தா: ரெண்டு வாயால பேசுறது. மூணு கம்ப்யூட்டர் மொழி.

சோடாபுட்டி: அந்த மூணையும் உனக்கு நான்தானே எழுதித் தர்றேன்! சரி, போட்டோவுல எதுக்கு வெள்ளைக் கோட்டு? கரையானைப் பாக்க யாருடா கோட்டு மாட்டுறா?

பந்தா: எதிர் ரூம் கெமிஸ்ட்ரிக்காரனோடது. கெத்தா இல்ல?

சோடாபுட்டி: அதுல அவன் பேர் தைச்சிருக்குமே.

பந்தா: அதான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். மறைஞ்சிருச்சு.

சோடாபுட்டி: கில்லாடிதான்... இரு, இரு. பின்னாடி போர்டுல என்னது?

பந்தா: எது... ஓ, அதுவா...

சோடாபுட்டி: புற்றுக்குள்ள காத்து எப்படிச் சுத்துதுன்னு நான் அம்பு போட்டு வரைஞ்சது! ரெண்டு வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். ‘அழிக்காதே’ன்னு எழுதி, கீழ என் பேரும் போட்டிருந்தேன்.

பந்தா: நான் அழிக்கலையே...

சோடாபுட்டி: பேர் எங்கடா?

பந்தா: என் தோள் கொஞ்சம்... அகலம்.

சோடாபுட்டி: அடப்பாவி!

பந்தா: கத்தாத. நல்லதுதான் நடந்திருக்கு. நம்ம துறையிலேயே பெரிய லேப் ஒண்ணு இருக்குல்ல, அந்தத் தலைவியம்மாவே எனக்கு எழுதியிருக்காங்க. வெள்ளிக்கிழமை நேர்காணல்!

சோடாபுட்டி: ...போர்டுல உள்ளதை யார் வரைஞ்சதுன்னு கேக்கலையா?

பந்தா: கேட்டாங்க... ‘நாங்க’ன்னு எழுதினேன்.

சோடாபுட்டி: நாங்க?

பந்தா: முதல்ல ‘நாங்க’. அப்புறம் படிச்சா எடுப்பா இல்ல... ‘நான்’னு மாத்திட்டேன்.

சோடாபுட்டி: வயிறு எரியுதுடா. ஒரே தட்டுல சாப்பிட்டுட்டு...

பந்தா: உனக்கென்ன, நீ கெட்டிக்காரி, எங்க போனாலும் பிழைச்சுக்குவ. நான் நாப்பது இடத்துக்கு எழுதிப் போட்டேன். ஒருத்தன்... ஒருத்தன்கூட பதில் போடலை.

சோடாபுட்டி: ...சரி, கேளு. இன்னும் ரெண்டு நாள் இருக்கு. ‘வரைஞ்சது என் தோழி’ன்னு ஒரே ஒரு வரி அனுப்பு. இப்பவே.

பந்தா: அனுப்பினா வேலை போயிருமே!

சோடாபுட்டி: போகாமலும் இருக்கலாம்.

பந்தா: வேணாம் தாயே, கும்பிடுறேன். நீ பத்து நிமிஷம் அதை எனக்கு விளக்கிச் சொல்லிரு, போதும்.

சோடாபுட்டி: நிஜமாவே அனுப்ப மாட்டியா?

பந்தா: மாட்டேன்.

சோடாபுட்டி: ...போர்டுல உள்ளபடியே சொல்லவா?

பந்தா: அப்படியே சொல்லு.

சோடாபுட்டி: பகல்ல காத்து நடுவுல மேல ஏறும். ஓரமா கீழ இறங்கும்.

பந்தா: நடுவுல மேல, ஓரமா கீழ... இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு வருஷம்!

சோடாபுட்டி: நல்லா மனப்பாடம் பண்ணிக்கோ.

பந்தா: நீ தெய்வம்! கேள்வி கேக்க மூணு பேராம். தலைவியம்மா, அவங்க லேப் ஆள் ஒருத்தர், அப்புறம் அங்க புதுசா சேர்ற விஞ்ஞானி. அவருக்கு உதவியாளாத்தான் என்னை எடுக்கறாங்களாம். பேர் போடலை. யாருன்னு தெரிஞ்சா இணையத்துல தேடிப் பாத்துட்டு...

சோடாபுட்டி: தேடாத, பல் டாக்டர்தான் வருவாங்க. உன் போட்டோவைப் பாத்த அன்னிக்கே அந்தம்மா எனக்கு எழுதிட்டாங்க, ‘நீ அனுப்பின படத்துக்கு முன்னாடி கைகட்டி நிக்கறது யாரு’ன்னு. ‘அவன்கிட்டயே கேளுங்க, உண்மையைச் சொன்னா எனக்கு உதவிக்கு அவனையே எடுங்க’ன்னு நான்தான் சொன்னேன். அப்புறம்... போர்டுல உள்ள அம்பெல்லாம் தலைகீழ்டா, நோட்டுல எப்பவோ திருத்திட்டேன். வெள்ளிக்கிழமை என் முதல் கேள்வியே அதுதான்.