கழற்றிய கதவு

கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போகும் காலை பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரு தகப்பனும் அவருடைய மூத்த சகோதரியும் இருந்தார்கள். பஸ் பாலத்தில் ஏறும்போது அவர் பெருமையாகச் சொன்னார்: "மகள்ட அறைக் கதவைக் கழட்டிப்போட்டன் ராத்தா."

"என்னத்துக்கு?"

"ஓ.எல் சோதினை வருதெல்லோ. கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாளா, போன் பாக்கிறாளா எண்டு ஆருக்குத் தெரியும்? இப்ப ஹோலில கதிரையைப் போட்டு இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன்."

"உனக்கு அறிவு கெட்டுப்போச்சா? பதினாறு வயசுப் பிள்ளை எங்க உடுப்பு மாத்துறாள்?"

"பாத்ரூமில."

"அழோணும் எண்டா எங்க போவாள்?"

"அழுறதுக்கு என்ன இருக்கு? படிச்சாச் சரிதானே."

சகோதரியின் குரல் ஏறியது. பின்சீட்டுவரை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"கணக்கில பெயிலாகி, நீ நாள்கணக்கா அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தாய். உம்மா தேத்தண்ணியைக் கதவடியில வச்சிட்டுப் போவா. வாப்பா தட்டக்கூட இல்லை. ஆராவது உன்ட கதவில கை வச்சாங்களா?"

பஸ் நகரத்துக்குள் நுழைந்தபோது அவர் சகோதரியின் பக்கம் திரும்பினார்.

"கதவைக் கொழுவுற பிணைச்சல் இருக்கு ராத்தா. ஸ்குரூதான் துலைஞ்சிட்டு."

"இறங்கி முதல்ல அதை வாங்கு. கதவைப் போட்டுட்டு வெளியில நிண்டு தட்டு. அவள் திறந்தா மட்டும் உள்ள போ. திறக்காட்டி, தேத்தண்ணியைக் கதவடியில வச்சிட்டுப் போ."