யார் மனசு எரங்குனது?

— அந்தச் சாப்டரப் பத்தி வாயே தொறக்காத, அஞ்சலாட்சி. இன்னும் கொஞ்ச நேரத்துல வைவா. தீசிஸ்ல இருக்குறத அப்படியே சொல்லு, டாக்டர்னு வெளிய வா. ப்ராக்டிகலா யோசிம்மா.

— அதுல இருக்குறது பொய்யி, விஜயராகவன் சார்.

— உன் இங்கிலீஷப் பாத்துட்டு கமிட்டியில என்ன சொன்னாங்க, மறந்துட்டியா? ஸ்கூல் பொண்ணு எழுதுன கட்டுரையான்னு சிரிச்சாங்க. ரெண்டு தடவ திருப்பி அனுப்புனாங்க. உன் கைடுன்னு நான்தான் மெட்ராஸ்ல ஒருத்தர்கிட்டக் குடுத்து மூணாவது சாப்டர மாத்தி எழுத வச்சேன். படிச்சிட்டுத்தான கையெழுத்துப் போட்ட?

— படிச்சேன். வழவழன்னு போச்சு. இவ்ளோ நல்ல இங்கிலீஷ் எம் பேர்லயான்னு சந்தோசமாக்கூட இருந்துச்சு. பாதி வார்த்த புரியல சார். கேக்க வெக்கப்பட்டுக்கினு போட்டுட்டேன்.

— இப்ப மட்டும் என்ன வந்துச்சு?

— நேத்து எங்கம்மா தேங்காய்த்திட்டு மீன்புடி ஆர்பர்ல மீன் அரிஞ்சிக்கினு இருந்துச்சு. பேசிப் பழகலாமேன்னு பக்கத்துல குந்தி, அகராதியப் பாத்துப் பாத்து அந்தச் சாப்டரத் தமிழ்ல சொன்னேன். எங்கம்மாவும் மத்த மீன்காரப் பொம்பளைங்களும் அப்ப மீன் ஏலத்த நிறுத்துன எடம் வந்துச்சு. வியாபாரிங்க மனசு எரங்கி, அவங்களுக்கும் ஏலத்துல எடம் குடுத்தாங்கன்னு இருக்கு. அம்மா கையில இருந்த மீனப் போட்டுட்டு, யாருடி எரங்குனதுன்னு கேட்டுச்சு.

— மாத்தி எழுதுனவருக்கு அங்க நடந்தது எப்படித் தெரியும்? நீ எழுதுனது அவருக்கு வெளங்கியிருக்காது.

— வெளங்குற மாதிரிதான் எழுதியிருந்தேன். கூடையக் குறுக்க போட்டு ஒக்காந்தாங்க, லாரி நவுரல, மீன் நாற ஆரம்பிச்சுது, வியாபாரி வழிக்கு வந்தான். அவ்ளோதான். கொச்ச இங்கிலீஷ்தான், ஆனா நடந்தது அதுல இருந்துச்சு.

— பாரும்மா. நானும் பாகூர்ல நாத்து நட்ட வூட்டுப் புள்ளதான். நான் பேசுன இங்கிலீஷுக்கு இந்தக் காரிடாரே சிரிச்சுது. பல்லக் கடிச்சிக்கிட்டு அவங்கள மாதிரியே எழுதக் கத்துக்கிட்டேன். அதான் இந்த நாற்காலி. மொதல்ல பட்டத்த வாங்கு, அப்பறம் உன் இஷ்டத்துக்கு எழுது.

— நீங்க அப்பறம் எழுதுனீங்களா சார்?

— என் கத இப்ப எதுக்கு? எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்துட்டாரு, கீழ காபி குடிக்கிறாரு. அவர் முன்னாடி இந்தச் சாப்டர் தப்புன்னு சொன்னா, அஞ்சு வருச உழைப்பு போச்சு. கையெழுத்து உன்னுது, உன்னத்தான் புடிப்பாங்க.

— புடிக்கட்டும். கையெழுத்தும் என்னுது, தப்பும் என்னுதுன்னு சொல்லுவேன். திருத்தித் தரேன், டைம் குடுங்கன்னு கேப்பேன். என் ஒடஞ்ச இங்கிலீஷ்லயேதான் திருத்துவேன். எங்கம்மா வெயில்ல காஞ்சு வாங்குன எடத்த எவனோ போட்ட பிச்சையாக்கிட்டு, அது மேல ஏறி நின்னு நான் டாக்டராவ மாட்டேன்.

— பட்டம் குடுக்கலன்னா?

— மீன் விக்கத் தெரியும் சார்.

— திமிரு. சரி, ஹால்ல என்ன இவ்ளோ சத்தம்? வைவாவுக்கு நாலு பேரு வந்தாலே அதிகமாச்சே.

— ஆர்பர் பொம்பளைங்க. பொது வைவா, யார் வேணாலும் வந்து கேள்வி கேக்கலாம்னு நோட்டீஸ்ல இருக்குல்ல. அம்மா அத நெசம்னு எடுத்துக்கினு எல்லாரையும் ஆட்டோவுல ஏத்தியாந்துடுச்சு. முன் வரிசையில ஒக்காந்திருக்காங்க.

— அவங்களுக்கு ஒரு வரி இங்கிலீஷ் புரியுமா?

— புரியாது சார். அதனால, மனசு எரங்குனது யாருன்னு அவங்க எழுந்து கேக்கறப்ப, அவங்க மொகத்தப் பாத்துத் தமிழ்ல பதில் சொல்லப் போறது, அத மாத்தி எழுத வச்ச நீங்கதான்.