கல்லூரி வாசலில் பேருந்தை நிறுத்தியவருக்கு

பெருமதிப்பிற்குரிய ரத்தினவேல் அவர்களே! கல்லூரி அணியின் பின்களம் காத்த காவலரே! கல்லூரியை விட்ட பின்னும் கால்பந்தை விடாத கொள்கையரே! ஓசூர் ஆலையின் ஆய்வுப் பிரிவில் முகம் சுளிக்காமல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த முன்னவரே! பணி நிறைவு பெறும் உங்களை எங்கள் அன்பு வணங்குகிறது.

முன்னாள் மாணவர் பலர் ஆண்டுக்கொருமுறை விருந்துக்கு வருவார்கள். நீங்களோ, வந்த பதவி உயர்வை மறுத்து, பிற்பகலில் முடியும் முதல் ஷிப்டையே நிலையாகக் கேட்டு வாங்கி, வேலை முடிந்த கையோடு கல்லூரி மைதானத்துக்குப் போனீர்கள். அங்கே பெண்கள் அணி உருவானது உங்களால். எல்லோரும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள். அவர்கள் ஊருக்குப் போகும் வழி, யானை கடக்கும் சாலை. இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்பதே பெற்றோரின் நிபந்தனை. அதைக் காப்பாற்றியது மாலையில் அந்தப் பக்கம் போகும் நம் கம்பெனிப் பேருந்து. ஊழியர் ஒருவர் நின்றால்தான் அது வழியில் நிற்கும். அவர் வீட்டார் உடன் ஏறலாம். மாலைதோறும் கல்லூரி வாசலில் நீங்கள் நின்றீர்கள். உங்கள் பின்னால் அணி ஏறியது.

"பதினோரு பேரும் உங்க பொண்ணுங்களா சார்?" என்று பேருந்தில் வரும் செக்யூரிட்டி ஒருமுறை கேட்டார்.

"இன்னும் நாலு பேரு பெஞ்சுல இருக்காங்கப்பா. அவங்களையும் ஏத்திக்க" என்றீர்கள்.

திங்கள் முதல் நீங்கள் ஊழியர் அல்லீர். இந்த மடலை எழுதும் முன் அதைத்தான் பேசினோம். இனியும் கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்துவாரா என்று ஓட்டுநர் வெங்கடப்பனிடம் கேட்டோம். ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தவர், "கம்பெனி கார்டு போட்ட ஆளு ஒருத்தர் நிக்கணும் அண்ணா. இல்லன்னா என் வேலை போயிடும்" என்றார். நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டோம்; இன்னும் பதில் இல்லை. இரண்டு வீடுகளில் பெண்ணை இனி அனுப்பமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். நீங்கள் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களுக்கு இவ்வளவு கலக்கம் இருந்திருக்காது.

நம் பிரிவின் முனிலட்சுமி, பந்தை ஒருநாளும் தொடாதவர், "நான் நிக்கிறேன்" என்றார். அவருக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் முதல் ஷிப்ட். மற்ற வாரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. பொய்யாக ஆறுதல் சொல்லி உங்களை அனுப்ப மனமில்லை.

நீங்களும் துணைவியார் ஜெயமணி அவர்களும் நோயின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். உங்கள் முழங்கால் இனியாவது ஓய்வெடுக்கட்டும். மாலையில் வாசலுக்கு வராதீர்கள், மைதானத்திலேயே இருங்கள். ஆள் இல்லாத வாரத்தில், மாலையில் வேலை முடிந்து அதே வண்டியில் வரும் எங்களில் ஒருவர் கல்லூரி வாசலில் இறங்கி, அந்தப் பெண்களோடு மறுபடி ஏறுவார். கம்பெனி விதி அதற்கு இடம் தருமா, தெரியாது. மறுத்தால், அவர்களை விட்டுவிட்டு நாங்களும் ஏறமாட்டோம்.

இங்ஙனம்,
ஆய்வுப் பிரிவுப் பணியாளர்கள்,
ஓசூர்