ஹெர்லிந்தாவின் கையெழுத்து

கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. மலையில் தோண்டவேண்டிய இடத்துக்கு நாங்களும் இப்படித்தானே குறி போடுவோம் என்று நினைத்துக்கொண்டாள் ஹெர்லிந்தா.

— மூணாவது தடவையா படிக்கிறீங்கம்மா. காப்பி ஆறுது.

— ஆறட்டும் வக்கீலம்மா. உங்க சர்க்கார் ஆபீஸ் காப்பி சூடா இருந்தாலும் இதே ருசிதான். எலிசேயோவைப் பிடிச்சு நாப்பது நாள்கூட ஆகலை. அதுக்குள்ள அனுப்பணுமா?

— ரெண்டு தடவை ஜெயில்லேருந்து ஓடின கடத்தல் கும்பல் தலைவன். அமெரிக்காக்காரங்ககிட்ட கொடுத்துட்டா, போதைப்பொருள் வழக்குல சாகுற வரைக்கும் உள்ளதான். உங்க மகன் காணாமப்போன வழக்கு ஒண்ணுதான் குறுக்க நிக்குது. நீங்க புகாரை வாபஸ் வாங்கினா நாளைக்கே விமானம்.

— அங்க என் ஃபெர்மினைப் பத்திக் கேப்பாங்களா?

— அது... அங்க சரக்கைப் பத்திதான் கேப்பாங்க.

— எத்தனை டன்னுன்னு கேப்பாங்க. எம்புள்ளை எந்தக் குழியிலன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

— ஆறு வருஷமா இரும்புக் கம்பியைத் தரையில அடிச்சு, பொண வாடை வருதான்னு நுனியை மோந்து பாத்துக்கிட்டுத் திரியறீங்க. போதும்மா. கையைப் பாருங்க, எப்படி ஆயிருச்சு!

— முப்பத்தோரு பேரைத் தோண்டி எடுத்த கை. எல்லாம் அடுத்தவ பெத்த புள்ளைங்க.

— அவனா வாயைத் திறக்கப்போறான்?

— கிழவனாயிட்டான். சர்க்கரை வியாதி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் எதிர்ல போய் உக்காருவேன். ஒருநாள் சொல்லுவான். நாட்டை விட்டே போயிட்டா யார்கிட்ட கேப்பேன்?

— அவன் இங்கயே இருந்தா அவன் ஆளுங்க உங்களை விட்டு வைப்பாங்களா? யோசிச்சுப் பாருங்க. பேர் சொல்லாம ஒரு பொம்பளை பண்ணின அந்தப் போன் மட்டும் வரலைன்னா அவனைப் பிடிச்சே இருக்க மாட்டோம். எந்தப் புண்ணியவதியோ!

— என் சட்டையில என்ன எழுதியிருக்கு, வாசிங்க.

— ஃபெர்மின் படம். “எங்க புதைச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க.” கீழே ஒரு போன் நம்பர்.

— அந்த நம்பருக்குப் புதைச்சவங்களே கூப்பிடுவாங்க, மனசு கேக்காம. எந்த மலை, எந்த மரம்னு சொல்லிட்டு வெச்சிருவாங்க. புள்ளையைத் தேடுற அம்மாங்க நாங்களும் பேர் கேக்க மாட்டோம். மார்ச் மாசம் ஒருத்தன் கூப்பிட்டான். குழியைச் சொல்லலை. எலிசேயோ படுத்துத் தூங்குற வீட்டைச் சொன்னான்.

— அம்மா... அப்ப எங்களுக்குப் போன் பண்ணினது...

— இந்தாங்க, உங்க பேனா. அவனைப் பேச வைக்கத்தான் பிடிச்சுக் கொடுத்தேன், வக்கீலம்மா. அனுப்பி வைக்க இல்லை.